சிவப்பு இறங்காத கன்னம்

தண்ணீர் நிறையக் குடி, நன்றாகத் தூங்கு, வெயிலில் அலையாதே, கவலையை விடு, முகத்தைச் சும்மா சும்மா தொடாதே. இதையெல்லாம் சொன்னதற்காக இயற்கைச் சரும வாரியத்தின் மேல் யாரும் கோபப்படவில்லை. நல்ல வார்த்தைதானே என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு வழக்கம்போல மறந்தும் போனார்கள். மறந்தவர்களுக்கு எப்படி ஞாபகப்படுத்துவது என்று வாரியம் ரொம்ப நாள் யோசித்தது. யோசித்து முடித்ததும் குண்டாந்தடி வாங்கியது.

ஒருத்தருக்கு இருப்பது நல்ல சருமமா என்று கண்டுபிடிக்க வாரியத்திடம் ஒரு சோதனை இருந்தது. ஆரம்பத்தில் கன்னத்தை விரலால் மெல்ல அழுத்திவிட்டு, பழைய நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் பொழுதுக்கும் ஒரு தெருவைத்தான் முடிக்க முடிந்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒன்று விட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் பேட்டையே முடிந்தது. ஆகவே நிர்வாக வசதிக்காக உள்ளங்கை நிரந்தரமாக்கப்பட்டது. அறை வாங்கிய கன்னம் சட்டென்று பழைய நிறத்துக்கு வந்துவிட்டால் அது ஆரோக்கியம். சிவப்பு இறங்காவிட்டால் ஐயம். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அடுத்த அறை. அதிலும் தீராவிட்டால் வாரியத்தின் ஓய்வுக் கூடம்.

எங்கள் கதையின் வெல்டர் இதையெல்லாம் கண்டுகொள்ளாதவன். கதவு, கிராதி, உடைந்த சைக்கிள் என்று எது வந்தாலும் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருந்தான். அவன் பட்டறைக்கு நேர் எதிரே அவனுடைய அக்காவின் ரொட்டிக்கடை. தெருவுக்கே அவள் அக்காதான். அவளுக்கு வாய் நீளம், காது கூசும்படி திட்டுவாள். ஆனால் கை நீண்டதே இல்லை. மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கை. அது யார் மேலாவது பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததாலோ என்னவோ, தம்பியைச் சின்ன வயதில்கூட ஒருநாளும் அடித்ததில்லை.

அன்றைக்குக் காலையில் ரொட்டிக்கடைக்குள் பரிசோதகர் நுழைந்தார். ஊரில் அவருக்குக் கைவீச்சு என்று பெயர். அக்கா அடுப்புக்கு முன்னால் நின்று நீளப் பலகையால் ரொட்டியை வெளியே வாரிக்கொண்டிருந்தாள். விடியலிலிருந்து அடுப்பனலில் நின்ற முகம் எப்படி இருக்கும்? பழுத்த தக்காளி தோற்றுப்போகும்.

"திரும்பும்மா" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்புவதற்குள் விட்டார் ஒன்று.

பிறகு இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார். சிவப்பு இறங்கவில்லை. இன்னொன்று விட்டார். அதுவும் இறங்கவில்லை. மூன்றாவது அறையில் அக்கா அடுப்பங்கரைச் சுவரில் போய் மோதினாள். உதடு கிழிந்து ரத்தம் ரொட்டியில் சொட்டியது.

"அடேய் அறிவுகெட்டவனே! அடுப்பு முன்னாடி நிக்கிறவ மூஞ்சி சிவக்காம பச்சையாவாடா இருக்கும்?"

"கத்தாதேம்மா, நெத்தியில கோடு விழுது பாரு" என்று உண்மையான அக்கறையோடு சொன்னார் கைவீச்சு. "சிவப்பு இறங்கல. கூடவே கோபம், கவலை, சுருக்கம். ஒரு முகத்துல இத்தனையை வச்சுக்கிட்டு எப்படிம்மா நீ நிம்மதியா தூங்குற?" அவர் விசிலடித்ததும் காவலர்கள் நாலு பேர் உள்ளே வந்து அவள் கையை முறுக்கிப் பின்னால் கட்டினார்கள். முகத்தைத் தொட்டுவிடக் கூடாதாம்.

சத்தம் கேட்டு வெல்டர் தலையிலிருந்த முகக்கவசத்தோடு ஓடிவந்தான். "விடுங்க சார், எங்கக்கா சார்" என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, தடி அவன் விலாவில் இறங்கியது. முகத்தை மறைப்பது சோதனைக்குரிய பரப்பை மறைப்பதாகும் என்பது வாரியத்தின் விதி. கவசத்தைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தார்கள். அதன் கறுப்புக் கண்ணாடி நொறுங்கியது. வண்டி ஏறும்போது அக்கா கத்தினாள். "டேய் தம்பி! அடுப்புல ரொட்டி கருகுதுடா, எடுடா!"

அவன் ரொட்டியை எடுத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. எடுத்து அடுக்கிவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு வாரியத்துக்குப் போனான்.

வாரியத்தின் கட்டடம் வெளியிலிருந்து பார்க்க மினுமினுவென்று இருக்கும். கூடத்துச் சுவரில் 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று இருந்தது. உள்ளே நுழைகிறவர்கள் எல்லோரும் முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும். வாசலில் இரண்டு பேர் தாடையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் புனலை வைத்து ஊற்றினான். வெல்டருக்கு முன்னால் நின்ற தபால்காரர் மூக்கு வழியாகத் தண்ணீர் வர, இருமி இருமிக் கீழே விழுந்தார். "பாத்தீங்களா, முகத்துல எப்படி ஈரப்பதம் வந்திருச்சு!" என்று புனல்காரன் சந்தோஷப்பட்டான்.

இயக்குநரம்மா பஞ்சு மாதிரியான குரலில் பேசுகிறவர். கையை உயர்த்தினால் கழுத்தில் மடிப்பு விழும் என்பதால் தன் கையால் யாரையும் அடித்ததில்லை.

"உட்காருப்பா. உங்கக்காவைப் பத்தித்தானே? நல்லா இருக்காங்க. தூங்க மாட்டேன்னு அடம் பிடிச்சாங்க, ரெண்டு பேர் உதவி பண்ணாங்க, தூங்கிட்டாங்க."

"அடிச்சீங்களாம்மா?"

"சே சே! நாங்க யாரையும் அடிக்கிறதே இல்லைப்பா. ரத்த ஓட்டத்துக்கு ஊக்கம் கொடுக்கிறோம். வெளியில இருக்கிற கம்பெனிக்காரங்க பவுடர், க்ரீம்னு கண்டதையும் பூசச் சொல்றாங்க. அதெல்லாம் செயற்கை. எங்ககிட்ட மருந்து கிடையாது, ரசாயனம் கிடையாது. மனுஷக் கை மட்டும்தான். கையைவிட இயற்கையானது உலகத்துல ஏதாவது இருக்கா, நீயே சொல்லு."

"எங்கக்காவை எப்பம்மா விடுவீங்க?"

"முகம் தெளிஞ்சதும் விட்டுடுவோம். அவங்களை இங்கேயே வச்சுக்கிட்டு எங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்றவர், அவனுடைய கருகிய சட்டைக் கையைப் பார்த்தார். "நீ வெல்டரா? நல்லதாப் போச்சு. கூடத்துக் கதவு உடைஞ்சு கிடக்கு. ஓய்வெடுக்கப் பிரியமில்லாத சிலர் கும்பலா வந்து இடிச்சுட்டாங்க. அதுல ரெண்டு பேர் இப்ப நிரந்தரமா ஓய்வெடுக்கிறாங்க. நீ புதுக் கதவு செஞ்சு மாட்டு. கதவு திறப்பு விழா முடிஞ்ச மறுநாளே உங்கக்காவை நீ கூட்டிட்டுப் போகலாம்."

மறுநாளே இரும்பும் வெல்டிங் பெட்டியுமாக வந்து இறங்கினான் வெல்டர்.

கூடத்துக்குள்ளேயே வேலை என்பதால் நல்ல பழக்கங்கள் எல்லாவற்றையும் கண்குளிரப் பார்க்கிற பாக்கியம் அவனுக்குக் கிடைத்தது. வெயிலில் கால் வைத்தவனை நிழலுக்கு வரும்வரை அடித்தார்கள். கவலை நீக்கும் நேரம் என்று ஒன்று இருந்தது. வரிசையாக நிற்கவைத்து, சிரிக்காதவன் முழங்காலில் தடியால் ஒரு போடு. அவன் அலறினால் கவலை இன்னும் போகவில்லை என்று பொருள், ஆகவே இன்னொரு போடு. கண்களில் வெள்ளரிக்காய்த் துண்டு வைத்து, அது விழாமலிருக்க மண்டையைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். புருவத்தைச் சுளித்த ஒரு பள்ளி ஆசிரியருக்கு, இனிமேல் சுளிக்க முடியாதபடி புருவமே கிழிந்து தொங்கியது. "கோடு போயிடுச்சு பாருங்க" என்றார் கைவீச்சு.

அக்காவின் அறை ஜன்னல் அவன் மாட்டிக்கொண்டிருந்த கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் முகத்தைக் காட்டினாள். கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது.

"தூங்க விடறாங்களாக்கா?"

"விடறாங்களாவா? அடிச்சுத் தூங்க வைக்கிறாங்கடா. தூங்கினதும் எழுப்பி, நல்லா தூங்கினியான்னு கேக்குறாங்க. எழுப்பினா எப்படிடா தூங்குவேன்னு கேட்டா அதுக்கும் அடி. உனக்கு ஏன்டா மூஞ்சி இப்படி வெந்து கிடக்கு?"

"கவசம் போடக்கூடாதுன்னுட்டாங்க. வெறும் மூஞ்சியோட பத்த வைக்கிறேன்."

"கண்ணு போயிடும்டா பாவி! வேலையைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"கதவு முடிஞ்சாத்தான் உன்னை விடுவாங்களாம். நீ வாயை மட்டும் கொஞ்சம் அடக்கிக்க, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் கெஞ்சியதால் அக்கா வாயை அடக்கினாள். அந்த ஒரு தண்டனையைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை. குடிக்கச் சொன்னால் குடித்தாள், சிரிக்கச் சொன்னால் சிரித்தாள். முகம் அடுப்பனலைக் காணாத நாட்கள் போகப் போக நீலம் வடிந்து, சிவப்பு வடிந்து, ஊறவைத்து உரித்த பாதாம் பருப்புபோல வெளுத்துப் பளபளத்தாள். வெல்டரோ தினமும் கண்ணை இடுக்கி, முகத்தைத் திருப்பி, குத்துமதிப்பாகப் பற்றவைத்தான். முகம் தோல் உரிந்து எரிந்தது. படுத்தால் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல உறுத்தியது. எப்படியோ கதவு எழும்பியது. கடைசி இணைப்பை மட்டும் விழாவில் எல்லோர் முன்னாலும் பற்றவைக்க வேண்டும் என்பது இயக்குநரம்மாவின் ஆசை.

விழா அன்று வாரியத்தின் மொத்தச் சிப்பந்திகளும் கூடத்துக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். முன்வரிசையில் இயக்குநரம்மா, பக்கத்தில் கைவீச்சு.

வெல்டருக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாரும் கொஞ்சம் திரும்பி நில்லுங்க. இந்த வெளிச்சம் மூஞ்சியைச் சுட்டுடும்" என்றான்.

"இது வெயிலா?" என்று கேட்டார் இயக்குநரம்மா.

"வெயில் இல்லைம்மா, ஆனா..."

"வெயில்தானே சருமத்துக்கு ஆகாது? நாம நிக்கிறது நிழல்தானே? விதியில நிழலுக்குத் தடை எங்கேயும் இல்லையே." அவர் கைவீச்சைப் பார்த்தார். அவர் பார்வையின் அர்த்தம் புரிந்த கைவீச்சு வெல்டரை ஓர் அறை அறைந்தார். உரிந்த தோலில் அறை விழுந்ததும் அவனுக்குப் பொறி கலங்கியது. கவலையைப் பரப்பியதற்காக அது.  எப்படியாவது தொலையட்டும், எனக்கு என் அக்கா வேண்டும் என்று வெல்டிங் ராடைக் கையில் எடுத்தான்.

இயக்குநரம்மா பேசினார். "நம்ம எதிரிகள் நம்மளை வன்முறையாளர்கள்னு சொல்றாங்க. அவங்க முகத்தைப் பாருங்க, ஒரே சுருக்கம்! கூடத்துக்கு வந்தவங்கள்ல இன்னிவரைக்கும் ஒருத்தராவது முதுமையால செத்தாங்களா? இல்லை! எல்லாரும் இளமையாவே போனாங்க!" கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அது ஓயுமுன்பே வெல்டர் பற்றவைத்தான். நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் சீறியது. எல்லோரும் ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு, கண் கொட்டாமல் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம்!" என்று கேட்டார் இயக்குநரம்மா. இணைப்பு முடிந்த பிறகும், அவர் கேட்டதற்காக, ஒரு துண்டு இரும்பில் சும்மா எரித்துக் காட்டினான்.

மறுநாள் காலை அக்காவை அழைத்துப் போக வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். புனல்காரன் கண்ணைத் திறக்க முடியாமல் தன் காலிலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். உள்ளே ஒருத்தர் முகத்திலும் பழைய தோல் இல்லை. வேகவைத்த நண்டுக் கூட்டம்போல அத்தனை பேரும் சிவந்து நின்றார்கள். இயக்குநரம்மாவின் மூக்கிலிருந்து வெங்காயச் சருகாகத் தோல் தொங்கியது.

விதி என்றால் விதி. சிவந்த முகம் ஐயத்துக்குரியது. கைவீச்சு கலங்கிய கண்ணோடு புனல்காரனை அறைந்து பார்த்தார், சிவப்பு இறங்கவில்லை. "உங்க கன்னம் மட்டும் என்னவாம்?" என்று புனல்காரன் திருப்பி விட்டான், அதுவும் இறங்கவில்லை. பிறகு யாரைச் சோதிக்க யாருக்கு அதிகாரம் என்று ஒரு சின்ன விவாதம் வந்தது. அது தடியால் தீர்மானிக்கப்பட்டது. காவலர் பரிசோதகரைச் சோதித்தார், பரிசோதகர் எழுத்தரைச் சோதித்தார், எழுத்தர் நாற்காலியைத் தூக்கிக் காவலர் தலையில் சோதித்தார். கூடத்தில் பல் உருண்டது. ஒருத்தன் காது இன்னொருத்தன் வாயில் இருந்தது. இத்தனைக்கும் நடுவில், "மன்னிக்கணும்மா, கடமை" என்று சொல்லிக்கொண்டே கைவீச்சு இயக்குநரம்மாவுக்கும் ஒன்று விட்டார். அவர் மேஜையைத் தாண்டிப் போய் விழுந்தார்.

எல்லோரும் மூச்சுவாங்க நின்றபோது இயக்குநரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாயில் ஊறிய ரத்தத்தைத் துடைத்தார். அவ்வளவு அடியிலும் பஞ்சுக் குரல் மாறவில்லை.

"நிறுத்துங்க. வாரியத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நிறம்னா அதுக்குப் பேர் நோயா, தரமா?"

"தரம்!" என்றார்கள் எல்லோரும், வீங்கிய உதடு இடம்கொடுத்த வரையில்.

"இன்னிலேர்ந்து சிவப்புதான் ஆரோக்கியம். வெளுத்த முகம் ஐயம்."

அந்த நேரம் பார்த்துத்தானா அக்காவைக் கொண்டுவர வேண்டும்! வாசலில் வந்து நின்றவளின் வெளுத்த முகத்தைக் கூடமே திரும்பிப் பார்த்தது. 

"ஐயோ பாவம், இந்தம்மாவுக்கு உடம்புக்கு என்ன?" என்றார் கைவீச்சு.

வெல்டர் இயக்குநரம்மாவின் காலில் விழுந்தான். "வாக்கு கொடுத்தீங்களேம்மா!"

"வாக்கு வாக்குதான்ப்பா. நான் மறுக்கலையே. கன்னம் சிவப்பா இருந்தா இந்த நிமிஷமே கூட்டிட்டுப் போ. கதவைத் தாண்டுற வரைக்கும் சிவப்பு நிக்கணும், அவ்வளவுதான். எங்க ஆளுங்களுக்குக் கை அசந்து போச்சு. நீதான் தம்பியாச்சே, நீயே அடி. சொந்தக்காரங்க அடிச்சா குடும்ப விஷயம், நாங்க தலையிட மாட்டோம்."

அவன் அக்காவின் முன்னால் போய் நின்றான். கை எழவில்லை.

"அடிடா" என்றாள் அக்கா. "நின்னு பாக்குறான் பாரு. வீட்டுக்குப் போக வேணாமா?"

மெதுவாக அடித்தான். "மாவைத் தட்டுறியா? ஓங்கி அடிடா!" ஓங்கி அடித்தான். கன்னம் சிவந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். பாதிக் கூடம் தாண்டுவதற்குள் சிவப்பு போன இடம் தெரியவில்லை. தண்ணீரும் தூக்கமும் நிழலுமாக வளர்த்த சருமம் அல்லவா? வாரியம் தன் வேலையை அத்தனை ஒழுங்காகச் செய்திருந்தது. காவலன் தடியைக் குறுக்கே நீட்டினான். திரும்ப வந்து திரும்ப அடித்தான். மறுபடியும் இறங்கியது. மறுபடியும் அடித்தான். அக்காவின் வாயோரம் ரத்தம் வழிந்தது, கன்னம் மட்டும் பாதாமாகவே இருந்தது. அவன் ஏங்கி ஏங்கி அழுதுகொண்டே அடித்தான். கடைசியில் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னால முடியலக்கா."

"அழாதடா. சரி, வேற வழி பாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தபோது வெல்டிங் பெட்டி கண்ணில் பட்டது.

"அக்கா, கண்ணை இறுக்க மூடிக்க. நான் சொல்ற வரைக்கும் திறக்காத" என்று சொல்லி, அவள் கண்ணுக்குமேல் தன் துண்டை நாலாக மடித்துக் கட்டினான். அவளைக் கதவோரம் உட்காரவைத்து ராடைப் பற்றவைத்தான். வாரியத்தார் ஒருத்தர் விடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். அந்த வெளிச்சத்தில் அவள் முகம் சிறுகச் சிறுக வேகும்போது, தன் கண்ணைக்கூட அவன் மூடவில்லை. எவ்வளவு போதும் என்று பார்க்க அவனைத் தவிர வேறு ஆள் இல்லையே. சிவப்பு மெல்லத்தான் ஏறும் என்பதால் அன்று முழுக்க இருவரும் அங்கேயே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து காத்திருந்தார்கள். விடிந்தபோது அக்காவின் முகம் நெருப்பாகச் சிவந்திருந்தது. காவலன் தொட்டுப் பார்த்தான், இறங்கவில்லை. "ரொம்ப நல்ல சருமம்" என்று கதவைத் திறந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ரொட்டித் தட்டைத் துடைத்து அதில் முகம் பார்த்தாள். "இந்த மூஞ்சிக்குத்தானேடா என்னை இழுத்துட்டுப் போனானுங்க? அன்னிக்கே விட்டிருந்தா ஒரு அடுப்பு ரொட்டியாவது மிஞ்சியிருக்கும்" என்றாள். திட்டிக்கொண்டே அடுப்பை மூட்டினாள். வெல்டர் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் சுட்ட சிவப்பு எத்தனை நாளைக்கு நிற்கும்? வாரியத்தார் முகங்கள் உரிந்து, ஆறி, மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பின. வெல்டிங் வெளிச்சத்தின் பக்கம் மறுபடி போக ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. ஒருவரையொருவர் அடித்துப் பார்த்தார்கள், அது கூடத்துக் கதவுவரைகூட நிற்கவில்லை. ஒருநாள் காலையில் கைவீச்சு ரொட்டிக்கடை வாசலில் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"அம்மா, உங்களுக்கு மாவு பிசைஞ்ச கை. ஒண்ணு குடுத்தீங்கன்னா பொழுதுசாயுற வரைக்கும் நிக்கும்னு சொல்றாங்க."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் ஒட்டிய மாவைத் தட்டினாள். அதுநாள்வரை நீளாத கை அன்றைக்கு நீண்டது. கைவீச்சு வாசற்படியிலிருந்து சாக்கடைவரை போய் விழுந்தார். எழுந்து, தொட்டுப் பார்த்து, கண்ணீர் மல்கக் கும்பிட்டார். "ரொம்ப நன்றிம்மா!"

சேதி பரவியது. அடுத்த நாளிலிருந்து விடிந்தால் ரொட்டிக்கடை வாசலில் வாரியத்தின் வரிசை நின்றது. காவலர்கள், எழுத்தர், புனல்காரன், வரிசையின் கடைசியில் கழுத்தில் மடிப்பு விழாமல் நிமிர்ந்து நின்ற இயக்குநரம்மா. அக்கா ஒவ்வொருவராக வரவழைத்து, ஒன்றுக்கு இரண்டாக, குறை வைக்காமல் கொடுத்தாள். ஜனங்கள் ரொட்டியைத் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

வரிசை பாதி நகர்ந்தபோது அவள் எதிர்ப்பட்டறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய் தம்பி, கை வலிக்குதுடா. மிச்சத்தை நீ வந்து பாரு."

வெல்டர் வந்தான். வரிசையைப் பார்த்தான். இயக்குநரம்மா ஆவலோடு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

"எனக்கு வேணாம்கா" என்றான். "இந்தக் கை உன்னை அடிச்ச கை. அதுக்கப்புறம் யாரையும் அடிக்க வரமாட்டேங்குது."

  அக்கா அவன் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தோல் உரிந்து புதுத் தோல் வந்த கன்னம், அடுப்புச் சூட்டில் கதகதவென்று இருந்தது.

"சரி விடு" என்றாள். "மிச்சத்துக்கு அந்த ரொட்டிப் பலகையை எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தான்.